சோளன் வரிகளுக்கு இடையே சும்மா கிடக்கும் நிலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டங்கள் எமது மட்டக்களப்பு மாவட்டத்தில் விரைவில் நடைபெறவிருக்கின்றன. எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, எந்தத் திகதிக்கு முன் மாடுகளை வட்டையிலிருந்து, அதாவது நெல் வயல்வெளியிலிருந்து, அப்புறப்படுத்துவது, எத்தனை மாத நெல்லினத்தைப் போடுவது என்பனவெல்லாம் அங்கே விரிவாகப் பேசப்படும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி என்று குளங்களை நம்பியிருப்போருக்கு அக்கூட்டங்கள் இன்றியமையாதவை. ஆனால் அந்தக் குளங்களின் தண்ணீர் ஏறாத மேட்டுநிலங்களில் வானத்தைப் பார்த்துச் சோளனும் கச்சானும் மரவள்ளியும் செய்கின்றவர்களின் காரியம் அங்கே பேசப்படுவதில்லை. எமக்கென்று வேறொரு கூட்டமும் இல்லை. ஆகவே, ஒரு பயிருக்குள் இன்னொரு பயிரைச் சேர்த்துச் செய்கின்ற ஊடுபயிர்ச்செய்கை பற்றி நான் சொல்ல நினைத்திருப்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகின்றேன். கடிதம் சற்று நீளமாக அமைந்துவிட்டது. விடயத்தின் பெறுமதி கருதி இடமளிப்பீர்கள் என நம்புகின்றேன்.

நான் படுவான்கரையில் பிறந்து, அறுபது வயதைத் தாண்டிய பின்னும் அங்கேயே மண்வெட்டி பிடிக்கின்றவன். என் தாயார், காடு வெட்டி எரித்துச் செய்யும் சேனையின் விதைப்புக்குப் புறப்படும் காலைப்பொழுது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றது. சுளகில் குரக்கனைக் கொட்டி, அதற்குள் ஒரு சிறங்கை பயற்றையும் ஆங்காங்கே விழத்தக்கதாகக் கொஞ்சம் சோளனையும் கலந்து வைப்பார். இறுங்கு தனியே ஒரு துணி முடிச்சில் இருக்கும். எரித்த கட்டைகளின் சாம்பல் குவிந்துகிடக்கும் இடங்களாகப் பார்த்துப் பூசணியும் கெக்கரியும் நடுவார். வேலியோரத்தில் பயற்றங்கொடியை ஏற்றிவிடுவார். கொச்சிக்கன்றுகளுக்கு ஈரம் நிற்கும் மூலையொன்று ஒதுக்கப்பட்டிருக்கும். கெக்கரியில் தொடங்கி இறுங்கில் முடியும்வரை அந்த ஒரு துண்டு நிலத்திலிருந்து ஏதேனும் ஒன்று வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்பதைத் தவிர வேறெந்த விளக்கமும் அவர் சொன்னதில்லை. 1990இலும் 2007இலும் யுத்தத்தால் நாங்கள் இடம்பெயர்ந்தபோது, வீட்டுக் கூரையோடு விதைப்பானைகளும் போயின. திரும்பி வந்தபோது காணியைத் துப்புரவாக்க முடிந்தது. அந்த விதைக் கலவையை மீண்டும் சேர்க்க முடியவில்லை.

அதன் பின்னர் மேட்டுநிலத்தைப் பிடித்துக்கொண்டது தனிச்சோளன். கலப்பின விதை, யூரியா, களைநாசினி, கோழித்தீவனத்துக்கு வாங்கிக்கொள்ளும் வியாபாரி என்று எல்லாம் ஒரே பயிருக்காக ஒழுங்காக அமைந்துவிட்டதால், அதைச் செய்வது இலகுவாக இருந்தது. நானும் செய்தேன், நல்ல காசும் கண்டேன். ஆனால் 2018இல் இலங்கைக்குள் புகுந்த சேனா படைப்புழு, அவ்வாண்டின் பெரும்போகத்தில் அம்பாறை உட்படப் பல மாவட்டங்களின் சோளச் செய்கையைத் தாக்கியபோதுதான், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே பயிர் நிற்பதன் பொருள் என்னவென்று எமக்கு விளங்கியது. குருத்துக்குள் புகுந்த புழு, ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போக நடுவே வேறொரு செடியையும் கடக்கத் தேவையிருக்கவில்லை. பின்னர் 2021ஆம் ஆண்டின் முற்பகுதியில் இரசாயனப் பசளை ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு, அவ்வருட நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது பெரும்போகப் பயிர் ஏற்கனவே நிலத்தில் மஞ்சளித்து நின்றது. அந்தத் தடையை நான் எக்காலத்திலும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தப் போகத்தில் என் கண்ணால் கண்ட ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

என்னுடைய காணியில் அரை ஏக்கரில் மட்டும், முந்தைய இரு பெரும்போகங்களிலும் சோளன் வரிகளுக்கிடையில் கௌபியும் பயறும் போட்டிருந்தேன். யூரியா கிடைக்காத அந்த வருடம், அந்த அரை ஏக்கரின் சோளன் முழங்கால் உயரத்தில் நின்றபோது அதன் இலைநிறம் பக்கத்துத் துண்டின் நிறத்திலிருந்து வேறாகத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே வரம்பு கிடையாது. ஆனாலும் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகின்றது என்பதை அவ்வழியால் சைக்கிளில் போனவர்களே சுட்டிக்காட்டினார்கள். பசளை போட்ட வருடத்துப் பச்சை அதில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட நிறம்தான். அந்த இடைப்பட்ட நிறம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் என்னை இக்கடிதம் வரை கொண்டுவந்திருக்கின்றது.

விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஒருமுறை ஒரு கௌபிச் செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வேரைத் தண்ணீரில் அலசிக் காட்டினார். வேரெங்கும் பயற்றளவில் சிறு முடிச்சுகள் ஒட்டியிருந்தன. அவற்றுள் ஒன்றை நகத்தால் கிள்ளியபோது உள்ளே இரத்தம் கலந்தாற்போல இளஞ்சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பு இருந்தால் முடிச்சு வேலைசெய்கின்றது என்றும், அதற்குள் வாழும் றைசோபியம் எனும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றது என்றும் அவர் விளக்கினார். நாம் காசு கொடுத்து வாங்கும் யூரியாவில் இருப்பதும் அதே நைதரசன்தான். ஆனால் இவ்விடத்தில் ஒரு தவறான நம்பிக்கை எம்மிடையே பரவியிருப்பதையும் குறிப்பிட வேண்டும். பக்கத்தில் கௌபி நின்றால் அது சோளனுக்கு உடனே பசளை ஊட்டிவிடும் என்று பலர் எண்ணுகின்றார்கள். அதே போகத்தில் அவ்வாறு கைமாறுவது மிகச் சொற்பமே. அவரையினச் செடி தன் தேவைக்கு மண்ணிலுள்ள நைதரசனோடு போட்டியிடாமல் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால், மண்ணிலுள்ளதில் கூடிய பங்கு சோளனுக்கு மிஞ்சுகின்றது என்பதே அந்தப் போகத்தின் நன்மை. மீதி நன்மை அடுத்த பயிருக்கு வருவது. அதுவும் வேரையும் இலையையும் நிலத்திலேயே விட்டால்தான் வரும். எம்மவர்கள் காய் ஆய்ந்து முடிந்ததும் செடியைப் பிடுங்கி வேலியோரத்தில் குவித்து எரிக்கின்றார்கள். கச்சானைப் பொறுத்தவரை செடி முழுவதும் வேரோடு வெளியே வந்துவிடுகின்றது. கொடியை மாட்டுக்குப் போட்டுவிட்டு நிலத்துக்கு ஒன்றும் கொடுக்காமல், கச்சான் போட்ட நிலம் வளமானது என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. நான் இப்போது கௌபியையும் பயற்றையும் பிடுங்குவதில்லை. கத்தியால் நிலமட்டத்தில் அறுத்து, வரிக்கிடையிலேயே பரப்பிவிடுகின்றேன்.

விளைச்சல் கூடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகின்றேன். ஒரு ஏக்கரில் தனிச்சோளன் 2000 கிலோவும், இன்னொரு ஏக்கரில் தனிக்கௌபி 500 கிலோவும் விளைவதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே ஏக்கரில் சேர்த்துச் செய்தபோது சோளன் 1600 கிலோவும் கௌபி 225 கிலோவும் கிடைத்தால், சோளனை மட்டும் நிறுத்துப் பார்ப்பவர் 400 கிலோ நட்டம் என்பார். ஆனால் 1600 கிலோ சோளனைத் தனியாக எடுக்க 0.8 ஏக்கரும், 225 கிலோ கௌபியைத் தனியாக எடுக்க 0.45 ஏக்கரும் வேண்டும். அதாவது ஒன்றேகால் ஏக்கரின் விளைச்சல் ஒரு ஏக்கரில் வந்திருக்கின்றது. ஆய்வாளர்கள் இதனை நிலச் சமான விகிதம் என்கின்றார்கள். உலகின் பல நாடுகளில் நடைபெற்ற ஊடுபயிர்ப் பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் இவ்விகிதத்தின் சராசரி 1.2க்கும் 1.3க்கும் இடையில் நிற்பதாகக் கண்டிருக்கின்றார்கள். சீனாவில் 10 முதல் 16 ஆண்டுகள்வரை தொடர்ந்து நடத்தப்பட்ட பரிசோதனைகளின் முடிவுகள் 2021இல் வெளியாகின. ஊடுபயிர் நிலங்களின் தானிய விளைச்சல் தனிப்பயிர் நிலங்களைவிடச் சராசரியாக 22% கூடுதலாக இருந்ததுடன், வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும் அளவும் குறைந்திருந்தது. கடைசியாகச் சொன்னது எனக்கு முதலாவதைவிடப் பெரிதாகப் படுகின்றது. ஒரு வருடம் வெள்ளமும் மறுவருடம் வரட்சியுமாக வாழ்கின்ற எமக்கு, ஒரு போகத்தில் அள்ளிக்கொண்டு அடுத்த போகத்தில் கடன்படுவதைக் காட்டிலும், ஒவ்வொரு போகமும் ஏறத்தாழ ஒரே அளவில் கைக்கு வருவதே குடும்பத்தைக் காப்பாற்றும்.

படைப்புழு விடயத்திலும் பிறநாட்டு அனுபவம் எமக்குப் பயன்படத்தக்கது. கென்யாவின் நைரோபியைத் தலைமையகமாகக் கொண்ட பூச்சியியல் ஆய்வு நிலையத்தார், சோளன் வரிகளுக்கிடையில் டெஸ்மோடியம் எனும் அவரையினத் தீவனச் செடியையும் வயலைச் சுற்றித் தீவனப் புல்லையும் நட்டு, தண்டுதுளைப்பானின் அந்துப்பூச்சியை உள்ளிருந்து விரட்டி வெளிப்புறப் புல்லுக்கு ஈர்க்கின்ற முறையொன்றை 1990களில் உருவாக்கினார்கள். படைப்புழு ஆபிரிக்காவுக்குள் வந்தபின் கென்யா, உகண்டா, தன்சானியா விவசாயிகளின் நிலங்களில் இம்முறையைப் பரிசோதித்தபோது, ஒரு செடியிலுள்ள புழுக்களின் எண்ணிக்கை தனிச்சோளனிலிருந்ததைவிட 80%க்கு மேல் குறைந்திருந்ததாக 2018இல் அறிக்கையிட்டார்கள். உகண்டாவில் போஞ்சி, சோயா, கச்சான் போன்ற உண்ணத்தக்க அவரையினங்களை ஊடுபயிராகப் போட்ட இடங்களிலும் தாக்கம் குறைந்தது. மாறாக, சிம்பாப்வேயில் செய்யப்பட்டு 2019இல் வெளியான ஆய்வொன்றில், சோளனுக்குள் பூசணி போட்ட வயல்களில் படைப்புழுவின் சேதம் கூடியிருந்தது. என் தாயாரின் சேனையில் பூசணிக்கு இருந்த இடத்தை நினைக்கும்போது இம்முடிவு எனக்கு மனவருத்தத்தைத் தந்தாலும், அதை மறைப்பது முறையன்று. அந்தக் காலத்துச் சேனையில் இந்தப் புழு இருக்கவில்லை. முன்னோர் செய்தார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கலந்துவிடலாகாது. எதை எதனோடு, எப்போது, எந்த மண்ணில் என்பதே கேள்வி.

அந்த 'எப்போது' என்பதில்தான் நான் பட்ட அடி இருக்கின்றது. முதலாவது வருடம், புத்தகத்தில் கண்டபடி, ஒக்டோபர் முதல் மழைக்குச் சோளனையும் கௌபியையும் ஒரே நாளில் விதைத்தேன். சோளன் வரிகள் இரண்டை 45 சென்ரிமீற்றர் இடைவெளியில் நெருக்கி, அடுத்த இணைக்கு 90 சென்ரிமீற்றர் விட்டு, அந்த இடைவெளிக்குள் 30 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் கௌபி இரண்டு வரி. கௌபி அருமையாக வந்தது. சோளன் நிழல் விரிக்க முன்னரே அது நிலத்தை மூடிக்கொண்டதால், கார்த்திகை மழையில் மண் கரைந்தோடுவதும் களையும் குறைந்தன. எல்லாம் சரியாகப் போனது, அது முற்றும்வரை. 70 நாள் பயிர் டிசம்பர் நடுப்பகுதியில், எமது மாவட்டத்தின் அடைமழைக்குள் முற்றியது. தொடர்ந்து ஆறேழு நாட்கள் வெயிலே இல்லை. காய்கள் செடியிலேயே பூஞ்சணம் பிடித்துக் கறுத்தன. சில காய்களை உடைத்தால் உள்ளே மணி முளைவிட்டிருந்தது. ஆய்ந்தவற்றை அடுப்படிப் பரணில் போட்டு உலர்த்த முயன்றோம். அதிலும் பாதி மணத்துப்போயிற்று. அந்தப் போகத்தில் எனக்குக் கௌபியால் கிடைத்தது மண்ணுக்குப் போன இலை மட்டுமே.

அடுத்த வருடம் இரண்டு விதமாகப் பிரித்தேன். ஒரு பாதியில் அதே கௌபியை அதே நாளில் விதைத்து, மணிக்குக் காத்திராமல் நவம்பர் கடைசியிலிருந்து இளங்காயாகவே ஆய்ந்து சந்தைக்குக் கொடுத்தேன். மழைக்காலத்தில் மரக்கறி விலை ஏறியிருக்கும் ஆதலால் அது நட்டமாகவில்லை. ஆய்வதற்கு வீட்டிலுள்ளவர்கள் இரண்டு நாளுக்கொருமுறை சேற்றில் இறங்க வேண்டியிருந்தது. மற்றப் பாதியில் இடைவெளியைச் சும்மா விட்டிருந்து, சோளன் பொத்தி முற்றி அடியிலைகள் மஞ்சளிக்கத் தொடங்கிய ஜனவரி முற்பகுதியில் பயற்றை விதைத்தேன். சோளன் இலைகள் காயக் காய வெளிச்சம் கீழே இறங்கியது. மாத முடிவில் பொத்தியை முறித்தெடுத்தபோது பயறு மூன்று இலை விரித்து நின்றது. மழை ஓய்ந்த நிலத்தின் ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து, மார்ச் நடுப்பகுதியின் வெயிலில் காய்ந்து முற்றியது. மணி ஒவ்வொன்றும் கண்ணாடிபோல இருந்தது. ஒரே நாளில் விதைக்காமல் ஒன்றின் முடிவில் இன்னொன்றைத் தொடுத்துவிடும் இம்முறையே, வடகீழ்ப் பருவமழைக்குள் அகப்பட்டிருக்கும் எமது மாவட்டத்துக்கு ஏற்றதென்று இப்போது எண்ணுகின்றேன். ஆனால் இது ஒரு மனிதன் ஒரு துண்டு நிலத்தில் சில போகங்கள் பார்த்தது. கிரானின் மண்ணுக்கும் வெல்லாவெளியின் மண்ணுக்கும், அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்து மணலுக்கும் இது ஒரே மாதிரிப் பொருந்துமென்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதைச் சொல்லும் தகுதியும் கடமையும் உடையவர்கள் இருக்கின்றார்கள். அவர்களிடம் பின்னர் வருகின்றேன்.

நெல் வயலுக்குள் ஊடுபயிர் சாத்தியமில்லை என்று சொல்லி எமது வட்டைக்காரர்கள் இவ்விடயத்தை ஒதுக்கிவிடுகின்றார்கள். வயலுக்குள் முடியாவிட்டாலும் வரம்பு இருக்கின்றது. தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளில் 4 ஆண்டுகளாக வரம்புகளில் எள்ளு முதலான தேன்சுரக்கும் பூச்செடிகளை வளர்த்துப் பார்த்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. அந்தப் பூக்களை நாடிவந்த குளவிகளும் ஏனைய நன்மைசெய் பூச்சிகளும் வயலுக்குள் இறங்கிக் கபிலநிறத் தத்தி போன்றவற்றைக் கட்டுப்படுத்தியதால், பூச்சிநாசினி அடிப்பது 70% குறைந்தது. விளைச்சலோ 5% கூடியது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 1998, 1999ஆம் ஆண்டுகளில், எரிபந்தம் எனும் பங்கசு நோய்க்கு இலகுவில் ஆளாகும் பசை நெல்லினத்தை நோயெதிர்ப்புள்ள இனங்களோடு மாற்றி மாற்றி வரியாக நட்டபோது, அந்தப் பசை நெல்லில் நோயின் கடுமை 94% குறைந்ததும் அறிஞர் உலகம் அறிந்த செய்தி. எமது வட்டையிலோ நெல்லை வீசி விதைத்து, வேளாண்மையை மெசினால் வெட்டுகின்றோம். ஆகவே யுன்னான் முறையை அப்படியே கொண்டுவர இயலாது. வரம்பில் எள்ளும் பயறும் போடுவதற்கு எந்த மெசினும் தடையில்லை. தடையாக இருப்பது, வரம்பு முழுவதற்கும் களைநாசினி அடித்துச் செங்கல் நிறமாக்கி வைத்தால்தான் அது நல்ல வேளாண்மை என்ற எண்ணமே.

தென்னந்தோட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 26 அடிக்கு 26 அடி இடைவெளியில் நட்ட தென்னையின் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி 2 மீற்றருக்குள் அடங்கிவிடுகின்றது. இளங்கன்றாக இருக்கும் முதல் சில ஆண்டுகளிலும், இருபத்தைந்து வயதைத் தாண்டி உயர்ந்த பின்னரும் கீழே வேண்டிய வெளிச்சமும் விழுகின்றது. ஆகவே மரங்களுக்கிடையே வேறு பயிர் செய்ய இடமுண்டு. தேற்றாத்தீவு, களுதாவளைப் பக்கத்தில் மணல் மண்ணை எருவாலும் நீராலும் வசப்படுத்தி வெற்றிலையும் மரக்கறியும் எடுப்பவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, இம்முறையின் பக்கத்திலுள்ள கஷ்டங்களைச் சொல்லாமல் விட்டால் என்னை நம்பிச் செய்பவர் ஏமாந்துபோவார். முதலாவது, களைநாசினி. சோளனுக்கென்று கடையில் தருகின்ற மருந்துகளிற் சில அகன்ற இலைச் செடிகளைக் கொல்பவை. அவற்றை அடித்த நிலத்தில் பயறும் கௌபியும் முளைத்தவுடன் கருகிவிடும். ஊடுபயிர் செய்பவர் கையால்தான் களை பிடுங்க வேண்டும். முதல் நான்கு வாரம் அது கடுமையான வேலை. கூலிக்கு வரும் பெண்களின் சம்பளத்தை விதைக்குமுன் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, கொடியோடும் கௌபியினத்தைப் போடலாகாது. அது சோளன் தண்டில் ஏறி முறித்துவிடும். நான் ஒருமுறை இனம் தெரியாமல் வாங்கிய விதையால் இரண்டு வரி சோளனை இழந்தேன். புதர்போல் நிற்கும் குறுகிய வயதினமே வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரியது கட்டாக்காலி மாடுகள். ஜனவரியில் பயறு போட்டால் அது மார்ச் வரை நிலத்தில் நிற்கும். ஆனால் பெப்ரவரியில் வேளாண்மை வெட்டு முடிந்ததும் மாடுகள் வட்டைக்குள் இறங்கிவிடும். வட்டையோரத்து மேட்டுநிலத்தில் பச்சையாக நிற்பது எமது பயறு மட்டும்தான் என்றால் அதன் கதி என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நான் மூன்று பக்கமும் கம்பி அடித்து, நான்காவது பக்கத்தில் இரவில் காவலிருந்தேன். மாடு வளர்ப்பவரும் எம்மூரவரே. அவர்களுக்கு அந்த மாதங்களில் மேய்ச்சல் வேறெங்கே என்ற கேள்வியும் நியாயமானது. ஆனாலும் மாடுகளை வெளியேற்றும் திகதி ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுவதுபோல, அவை உள்ளே இறங்கும் திகதியும் மேட்டுநிலப் பயிரைக் கவனத்திற்கொண்டு தீர்மானிக்கப்பட வேண்டும். யானையைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. தனிப்பயிரோ ஊடுபயிரோ, அது வந்தால் எல்லாம் ஒன்றே.

ஒரு மனக்குறையையும் பதிவுசெய்ய வேண்டும். வெள்ளத்தால் பயிர் அழிந்த வருடமொன்றில் விபரம் கொடுப்பதற்காக ஒரு அலுவலகத்துக்குச் சென்றேன். படிவத்தில் பயிரின் பெயருக்கு ஒரே ஒரு கட்டம் இருந்தது. சோளனும் கௌபியும் என்று எழுதினேன். இரண்டும் எழுதினால் கணினி ஏற்காது, ஒன்றை எழுதுங்கள் என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர். சோளன் என்று எழுதினால் கௌபி அழிந்ததற்குக் கணக்கில்லை. அத்துடன் சோளன் வரிகளுக்கிடையே இருந்த இடைவெளியைக் காட்டி, என் அரை ஏக்கர் கால் ஏக்கராகக் குறைக்கப்பட்டது. அந்த உத்தியோகத்தர் மீது எனக்குக் குறையில்லை. அவர் கையிலிருந்த படிவம் அப்படி. ஆனால் அந்த ஒரு கட்டம், சேர்த்துச் செய்யாதே, தனித்துச் செய் என்று எம்மிடம் சொல்லாமல் சொல்கின்றது. பக்கத்துக் காணிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து ஊடுபயிருக்கு ஆயத்தமாகியிருந்தார்; இதைக் கேட்டதும் கைவிட்டார்.

ஆகவே, மாகாண விவசாயத் திணைக்களத்திடமும், கமநல சேவைகளுக்குப் பொறுப்பானவர்களிடமும், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தாரிடமும் நான் வேண்டுவது அதிகமில்லை. ஊடுபயிர் பற்றிய பரிசோதனை பண்ணைகளின் வேலிக்குள் மட்டும் நடந்தால் அது எமக்கு எட்டாது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மழையை மட்டும் நம்பிய மேட்டுநிலங்களாகப் பார்த்து, விவசாயிகளின் சொந்தக் காணிகளில், ஒக்டோபரில் சேர்த்து விதைப்பதையும் ஜனவரியில் தொடுத்து விதைப்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கௌபி, பயறு, உழுந்து, கச்சான் நான்கில் எது எந்த மண்ணில் மழைக்குள் அகப்படாமல் முற்றுகின்றது என்பதை மூன்று பெரும்போகமாவது எழுதி வையுங்கள். கணக்கெடுக்கும்போது சோளனை மட்டும் நிறுக்காமல் நிலம் தந்த எல்லாவற்றையும் நிறுங்கள். விதை தருவதாயின் சோளன் விதையோடு பயறு விதையையும், அது தேவைப்படும் ஜனவரிக்கு முன்னரே தாருங்கள். மார்ச்சில் வந்த பயறு விதையை நாங்கள் சமைத்துத்தான் சாப்பிட்டோம். படிவத்தில் இன்னொரு கட்டம் போடுவதற்குப் பணம் எதுவும் தேவையில்லை என்று நினைக்கின்றேன்.

இவ்வருடமும் முதல் மழை விழுந்ததும் அந்த அரை ஏக்கரை ஊடுபயிராக விதைக்கவிருக்கின்றேன். அதன் அருகில் கால் ஏக்கர் தனிச்சோளனும், இன்னொரு கால் ஏக்கர் தனிப்பயறும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே விடப்படும். சோளன் பொத்தி முறிப்பது ஜனவரி கடைசியில், பயறு ஆய்வது மார்ச் நடுப்பகுதியில் வரும். அந்த இரண்டு நாட்களிலும் ஒரு தராசுடன் வருகின்ற எந்த உத்தியோகத்தரையும், மாணவரையும், விவசாயியையும் காணிக்குள் வரவேற்பேன். நிறுத்து வருவதை, அது எனக்குச் சாதகமாயினும் பாதகமாயினும், தங்கள் பத்திரிகைக்கு எழுதி அனுப்புவேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மேட்டுநில விவசாயி ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.